மசோதா மீது கருத்துச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு மசோதா வரும்போதெல்லாம் ‘இதை எதிர்த்து யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது’ என்று பலர் கேட்கிறார்கள். சங்கம் நடத்துகிறவர்கள், விவசாயிகள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றியவைதான். தமிழ்நாடு சட்டமன்றத்தைப் பற்றி கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

சட்டம் போடுவது எம்.பி.க்கள் வேலை. நாம் போய்ப் பேச முடியுமா?

முடியும். வழக்கறிஞராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டியதில்லை. மசோதா ஒரு நாடாளுமன்றக் குழுவிடம் போய், அந்தக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டால், இந்தியாவில் இருக்கும் யாரும் எழுத்தில் மனு அனுப்பலாம். நேரில் சாட்சியம் அளிக்க விரும்புவதாகவும் அதிலேயே தெரிவிக்கலாம். அழைப்பதும் அழைக்காததும் குழுவின் முடிவு.

குழுவில் உட்காருகிற உறுப்பினர்கள் நல்ல வாதங்களைக் கேட்காதவர்கள் அல்ல. அவர்களுக்குக் கிடைக்காதது, அந்தச் சட்டம் நாளைக்கு யார் தலையில் விழுமோ அவருடைய அனுபவம்தான்.

எந்தக் கட்டத்தில் சொல்லலாம்?

முதல் வாய்ப்பு, மசோதா நாடாளுமன்றத்துக்குப் போகும் முன்பே வருகிறது. 2014-இல் மத்திய அரசு ‘சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை’ ஒன்றை வகுத்தது. அதன்படி ஒவ்வொரு அமைச்சகமும் தன் வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம், என்ன செலவு, வாழ்வாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் எப்படிப் பாதிக்கும் என்ற விளக்கமும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் இது கொள்கைதான், சட்டமல்ல. ‘சாத்தியப்படவில்லை’ என்று காரணம் எழுதி வைத்துவிட்டு அமைச்சகம் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தாண்டியும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வாய்ப்பு, அறிமுகமான மசோதா குழுவுக்கு அனுப்பப்படும்போது. குறிப்பிட்ட அமைச்சகங்களின் மசோதாக்களை ஆராய்வதற்கென்றே இருக்கும் துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. சில மசோதாக்களுக்கு மட்டும் தனியாக, இரு அவை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக் குழுவோ, ஓர் அவையின் உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் தெரிவுக் குழுவோ அமைப்பார்கள். இந்த இரண்டு வகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலைக்குழு பரிந்துரைதான் செய்யும். கூட்டுக் குழுவும் தெரிவுக் குழுவும் மசோதாவின் வாசகத்தையே திருத்தி அவைக்குத் திருப்பி அனுப்பும். எனவே கூட்டுக் குழு என்றால், நீங்கள் எழுதித் தருகிற வாசகம் அப்படியே மசோதாவுக்குள் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை. 15-ஆவது மக்களவைக் காலத்தில் (2009–14) சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் (2019–24) அது சுமார் 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இது ஜனநாயகத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. அதனாலேயே, குழுவுக்குப் போகிற மசோதா ஒன்றைக்கூட நாம் கைநழுவ விடக் கூடாது.

அறிவிப்பு எங்கே வரும்? எவ்வளவு நாள் தருவார்கள்?

நாளிதழ்களில் விளம்பரமாக வரும். நாடாளுமன்ற இணையதளத்தில் அந்தந்தக் குழுவின் பக்கத்திலும் இருக்கும். வழக்கமாக 15 நாள்தான். 2024 ஆகஸ்டில் வக்ஃப் திருத்த மசோதாவுக்கான கூட்டுக் குழு கேட்டபோதும் அதே 15 நாள்தான்.

15 நாளில் மசோதாவை வாங்கி, படித்து, சங்கத்தில் பேசி, எழுதி, மொழிபெயர்த்து அனுப்புவது லேசான வேலை அல்ல. விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மசோதா அறிமுகமான அன்றே அதன் வாசகம் இணையதளத்தில் கிடைக்கும். அன்றைக்கே படிக்க உட்காருங்கள். பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு முக்கியமான மசோதாக்களுக்குச் சுருக்கம் எழுதி வெளியிடுகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் எளிய ஆங்கிலம்.

தமிழில் அனுப்பலாமா?

குழுக்களின் விளம்பரம் ‘ஆங்கிலம் அல்லது இந்தியில் இரண்டு பிரதிகள்’ என்றுதான் கேட்கும். இது நியாயமில்லை. ஆனால் அதற்காக அனுப்பாமல் விடாதீர்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். யாருக்கு நடந்ததோ அவருடைய வாய்மொழியிலேயே எழுதுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கையெழுத்திட்ட தமிழ் மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நேரில் பேச விரும்பினால், ‘நான் தமிழில்தான் பேசுவேன், மொழிபெயர்ப்பு ஏற்பாடு வேண்டும்’ என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

மொழிக்காகப் போராடுவதும் வீண் போகாது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தது நினைவிருக்கும். அது மசோதா அல்ல, அறிவிக்கைதான். ஆனால் கருத்துக் கேட்பு அதற்கும் உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு நாடு முழுவதும் கருத்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னதோடு, கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது.

மசோதாவை எப்படிப் படிப்பது? சட்ட மொழி தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடைசிப் பக்கங்களில் ‘நோக்கங்களும் காரணங்களும்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதை முதலில் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது அரசு சொல்ல விரும்புவது. சட்டம் என்ன செய்யும் என்பது பிரிவுகளில் இருக்கிறது. திருத்த மசோதாவாக இருந்தால் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா வந்தது. ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று எல்லோரும் பேசிக்கொண்டது இதைத்தான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். மசோதாவில் இருந்தது சின்னஞ்சிறு விஷயம்: 65ஏ என்று ஒரு புதிய பிரிவு. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும், எல்லாவற்றிலிருந்தும், எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்றது அது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தைத் திறந்தால்தான் தெரியும். 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு. 52 வார விடுமுறை. 54 நாளுக்கு 9 மணி நேரம். 55, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தருவது. 56, இடைவேளையும் சேர்த்து மொத்தம் பத்தரை மணி நேரம். 59, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆக, ‘48 மணி நேரம் மாறாது’ என்று பேச்சில் சொன்னார்கள். அந்த 48 மணி நேரத்தைத் தருகிற 51-ஆவது பிரிவையே விலக்கி வைக்கும் அதிகாரம் மசோதாவில் இருந்தது. இப்படி எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் படிப்பதுதான் சாட்சியத்துக்கான தயாரிப்பில் பாதி வேலை.

படிக்கும்போது கவனிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘வேண்டும்’ என்று இருக்கிறதா, ‘லாம்’ என்று முடிகிறதா? ‘வகுக்கப்படும் விதிகளின்படி’ என்று வந்தால், முக்கியமான முடிவு ஒன்றைப் பின்னால் அதிகாரிகள் எடுப்பார்கள் என்று பொருள். ‘இச்சட்டத்தில் வேறு என்ன சொல்லப்பட்டிருந்தபோதிலும்’ என்று தொடங்கும் வரியை இரண்டு தடவை படியுங்கள். மற்ற பிரிவுகள் தருகிற பாதுகாப்பை எல்லாம் அந்த ஒரு வரி அடித்துவிடும்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

நான்கு விஷயம் போதும்: நீங்கள் யார், எந்தப் பிரிவு, அது உங்கள் வாழ்க்கையில் என்ன செய்யும், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும். கடைசியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘இந்த மக்கள் விரோத மசோதாவைத் திரும்பப் பெறுக’ என்று மட்டும் எழுதினால், உங்கள் பக்கம் நிற்கிற உறுப்பினருக்குக்கூட அதை வைத்துக் குழுவில் பேச எதுவும் கிடைக்காது.

மேலே சொன்ன 65ஏ பிரிவு ஒரு குழுவுக்குப் போயிருந்தால், திருப்பூரில் தையல் வேலை செய்கிற ஒரு பெண் எப்படி எழுதியிருக்கலாம் என்று நான் கற்பனையாக எழுதிப் பார்த்தேன்:

‘நான் பின்னலாடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மசோதா சேர்க்கும் 65ஏ பிரிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தப் பிரிவின்படி 55-ஆம் பிரிவிலிருந்து எங்கள் ஆலைக்கு விலக்குக் கிடைத்தால், மதிய இடைவேளை சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாகிவிடும். 59-ஆம் பிரிவிலிருந்து விலக்குக் கிடைத்தால், இன்று இரட்டிப்பாக வருகிற ஓவர்டைம் சம்பளத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்காது. “விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்” என்று சொல்லப்படுகிறது. தொழிலாளியின் சம்மதம் என்ற சொல்லே மசோதாவில் இல்லை. எனவே 65ஏ பிரிவை நீக்க வேண்டும். குழு அதை ஏற்காவிட்டால், விலக்கு அளிக்கக்கூடிய பட்டியலிலிருந்து 51, 52, 55, 59 ஆகிய எண்களையாவது நீக்க வேண்டும்.’

இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. ‘அது முடியாவிட்டால் இதையாவது’ என்று இரண்டாவது கோரிக்கை வைப்பது சமரசம் ஆகாதா என்று தோழர்கள் கேட்பதுண்டு. ஆகாது. முதல் கோரிக்கை தோற்றுப்போன பிறகும் அடுத்த வாரம் அந்தத் தையல் இயந்திரத்தின் முன் உட்காரப் போவது அந்தப் பெண்தான். அவருக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பைக் கேட்டு வைப்பது நம் கடமை.

எத்தனை பக்கம்?

மூன்று, நான்கு பக்கம். முதல் அரைப் பக்கத்தைப் படித்தாலே உங்கள் கோரிக்கை தெரிந்துவிட வேண்டும். ஆதாரங்களைத் தனி இணைப்பாக வையுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்பினால் பலம் கூடுமா?

எதிர்ப்பு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று காட்ட உதவும். வாதத்துக்கு உதவாது. வக்ஃப் மசோதாக் குழுவுக்கு வந்த மனுக்கள் 97 லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் எந்தக் குழுவாலும் வரி வரியாகப் படிக்க முடியாது. ஆயிரம் பேர் இருக்கிற சங்கம் என்றால், ஒரே கடிதத்தை ஆயிரம் தடவை அனுப்புவதைவிட, சங்கத்தின் பெயரில் நல்ல மனு ஒன்றும், வெவ்வேறு பிரிவுகளால் பாதிக்கப்படுகிற பத்துப் பேரின் சொந்த மனுக்களும் அனுப்புங்கள். ஒருவர் கர்ப்பிணித் தொழிலாளியாக இருக்கட்டும், ஒருவர் இரவு ஷிப்ட் பார்ப்பவராக இருக்கட்டும்.

நேரில் அழைத்தால் அங்கே எப்படி இருக்கும்?

கூட்டம் பெரும்பாலும் டெல்லியில் நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் நடக்கும். சில குழுக்கள் ஊர் ஊராகவும் வரும். குழு சென்னைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் உடனே குழுச் செயலகத்துக்கு எழுதுங்கள்.

கூட்டம் மூடிய அறையில் நடக்கும். பத்திரிகையாளர் கிடையாது, பார்வையாளர் கிடையாது. தலைவருக்கு எதிரே உங்களுக்கு இருக்கை. சாட்சிகளுக்கென்று ஒரு நடத்தைக் குறிப்பே உண்டு: உட்காரும்போதும் விடைபெறும்போதும் தலை வணங்க வேண்டும், தலைவரை நோக்கியே பேச வேண்டும், எதையும் மென்றுகொண்டு இருக்கக் கூடாது. தலைவர் கேட்டால் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுள் பெயரால் எடுக்கலாம், மனசாட்சிப்படியும் எடுக்கலாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். வேண்டுமென்றே பொய் சொல்வது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது, குழுவை அலட்சியம் செய்வது எல்லாம் உரிமை மீறல், அதாவது நாடாளுமன்றத்தின் சிறப்புரிமையை மீறும் குற்றம்.

அதே உரிமை உங்களையும் காக்கிறது. குழுவில் சாட்சியம் சொன்னதற்காக ஒருவரை மிரட்டினாலோ துன்புறுத்தினாலோ அதுவும் உரிமை மீறல்தான். முதலாளிக்குப் பயந்து தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் உடனே குழுச் செயலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

என்ன பேசுவது? எவ்வளவு நேரம் தருவார்கள்?

ஐந்து நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். அதையே இரண்டு நிமிடத்தில் சொல்லவும் பழகுங்கள். முன்னால் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான். மனுவை வாசிக்காதீர்கள். அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. பெயர், ஊர், வேலை, அடுத்த மூச்சில் கோரிக்கை, அப்புறம் நடந்த ஒரே ஒரு சம்பவம், மறுபடி கோரிக்கை.

சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மனதை உருக்குகிற கதைகள் நம்மிடம் நிறைய இருக்கும். அந்தப் பிரிவு இப்படி இருப்பதால்தான் இது நடந்தது, அல்லது நடக்கும் என்று ஒரே வாக்கியத்தில் கோக்க முடிகிற கதை எதுவோ அதைச் சொல்லுங்கள். மற்றவை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒரு குழுவாகப் போகிறீர்கள் என்றால் முந்தின நாள் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். யார் எதிர்க் கேள்வி கேட்பார் என்று யோசித்து, உங்களில் ஒருவரே அந்த உறுப்பினராக உட்கார்ந்து கறாராகக் கேட்கட்டும். ‘இந்தச் சட்டம் வந்தால் முதலீடு வருமே, வேலை கிடைக்குமே?’ என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

பதில் தெரியாத கேள்வி கேட்டால்?

‘இப்போது என்னிடம் விவரம் இல்லை, எழுத்தில் அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி ஓரிரு நாளில் அனுப்பியும் விடுங்கள். ஊகமாக ஓர் எண்ணைச் சொல்லி, அது தவறு என்று ஓர் உறுப்பினர் காட்டிவிட்டால், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து அடிபடும். யாராவது சீண்டினால் பதிலுக்குச் சீண்ட வேண்டாம். தலைவரைப் பார்த்து, பிரிவு எண்ணைச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

நான் சொன்னதை வெளியில் பேசலாமா?

குழு அறிக்கையை அவையில் வைக்கும்வரை, குழுவுக்குக் கொடுத்த மனுவையும் அறைக்குள் நடந்ததையும் வெளியிடக் கூடாது. கூட்டம் முடிந்து வாசலில் நிற்கிற கேமராவிடம் உள்ளே யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லாதீர்கள். மசோதாவைப் பற்றிய உங்கள் பொதுவான கருத்தைப் பேச எந்தத் தடையும் இல்லை.

மறுபக்கம் இதையும் கவனியுங்கள். நேரில் சொல்லும் சாட்சியம் பின்னால் வெளியாகக்கூடியது. ரகசியமாக வைக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், அப்போதும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பார்க்க முடியும். எனவே உடன் வேலை செய்பவரின் பெயர், நோய் விவரம், அவருடைய குடும்பப் பிரச்சினை எதையும் அவர் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது.

உண்மையைச் சொல்லுங்கள், இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய வாடகைத்தாய் மசோதாவில், ‘நெருங்கிய உறவினர்’ மட்டுமே வாடகைத்தாயாக இருக்கலாம் என்று இருந்தது. யார் நெருங்கிய உறவினர் என்ற விளக்கம்கூட அதில் இல்லை. மாநிலங்களவைத் தெரிவுக் குழு பலரிடம் கருத்துக் கேட்ட பிறகு, 2020 பிப்ரவரியில் தந்த அறிக்கையில் அந்த நிபந்தனையை நீக்கச் சொன்னது. குழந்தையில்லாத தம்பதி ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுக்கச் சொன்னது. வாடகைத்தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கியது. 2021-இல் வந்த சட்டத்தில் இவை இடம்பெற்றன.

திருநர் மசோதாவின் கதை இன்னும் நீளம். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் உறுப்பினர் ஒருவரே கொண்டுவருவது) மாநிலங்களவையில் நிறைவேறியது. 2016-இல் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தபோது, ‘முழுமையாகப் பெண்ணும் அல்ல, முழுமையாக ஆணும் அல்ல’ என்ற ரீதியில் திருநருக்கு விளக்கம் எழுதியிருந்தது. யார் திருநர் என்று முடிவு செய்ய மாவட்டத் தேர்வுக் குழு ஒன்றும் இருந்தது. திருநர் சமூகத்தினர் நிலைக்குழு முன்பும் தெருவிலும் விடாமல் எதிர்த்தார்கள். 2019-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த விளக்கமும் இல்லை, அந்தக் குழுவும் இல்லை. கேட்ட எல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை. சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும் என்பதை அன்று அவர்களால் தடுக்க முடியவில்லை.

ஒன்றுமே மாறாமல் போனதும் உண்டு. 2023-இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா மீது சூழலியலாளர்களும் பழங்குடி அமைப்புகளும் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கூட்டுக் குழு ஒரு வரியைக்கூட மாற்றாமல் திருப்பி அனுப்பியது. ஆனால் மாறுபட்ட கருத்துக் குறிப்பு எழுதுகிற உறுப்பினர்களுக்கு அப்படிப்பட்ட மனுக்கள்தான் கைகொடுக்கின்றன. அந்தக் குறிப்புகள் அறிக்கையோடு சேர்ந்து நிரந்தரமாக இருக்கும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் இப்படிச் சாட்சியம் சொல்ல முடியுமா?

நடைமுறையில் மிக அரிது. தெரிவுக் குழுவுக்கு அனுப்ப விதிகளில் இடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகமான சில நாட்களிலேயே நிறைவேறிவிடுகின்றன. அந்த 12 மணி நேர மசோதா ஏப்ரல் 12 அன்று அறிமுகமாகி 21 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளர்களைக் கேட்டுவிட்டு மசோதாவைக் கொண்டுவந்திருந்தால் இந்த அலைச்சலே தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் கேரளத்தில் மசோதாக்களைத் துறைவாரியான குழுக்களுக்கு அனுப்பிப் பரிசீலிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதை இங்கேயும் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது: அதே நான்கு பக்க மனுவைத் துறைச் செயலாளருக்கும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும், எல்லாக் கட்சிகளின் சட்டமன்றத் தலைவர்களுக்கும் மசோதா அறிமுகமான அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். திருத்தம் கொண்டுவர விரும்பும் உறுப்பினருக்கு வாசகம் தயாராகக் கையில் இருக்க வேண்டும்.

சட்டம் நிறைவேறிவிட்டது. இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதா?

விதிகள் இன்னும் வரவில்லையே! சட்டத்தில் ‘வகுக்கப்படும்’ என்று விட்டுவைத்த இடங்களை எல்லாம் விதிகள்தான் நிரப்பும். பல சட்டங்களில் வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பது கட்டாயம். 2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு நடுவே, திருநர் சட்டத்துக்கான வரைவு விதிகள் வந்தன. அடையாளச் சான்றிதழ் வாங்க உளவியலாளர் அறிக்கை வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த நிலையிலும் திருநர் அமைப்புகள் பிரிவு பிரிவாக எழுதி அனுப்பின. செப்டம்பரில் வந்த இறுதி விதிகளில் அந்த அறிக்கை இல்லை. விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழிப் பத்திரமே போதும் என்றானது.

எனவே சட்டம் நிறைவேறினாலும் அந்த மனுவைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பிரிவு விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, துறையின் இணையதளத்தையும் அரசிதழையும் வாரம் ஒரு முறை பார்த்து வாருங்கள்.